பட்டத்தோடு நின்றுவிட வேண்டாம்



அன்பான பெற்றோர்களே, பிள்ளைகளே! ‘அல்காரிதம்’ என்ற சொல், 9ஆம் நூற்றாண்டில் பக்தாதில் வாழ்ந்த அல்குவாரிஸ்மியின் பெயரிலிருந்து வந்தது. மேடைதோறும் இதைப் பெருமையாகச் சொல்கிறோம். நம் ஜமாஅத்தில் அந்தத் துறையில் ஆய்வு செய்பவர் எத்தனை பேர்?

நம் உதவியில் படித்த ஒரு மகளுக்கு, பல்கலைக்கழகத்தில் இயந்திரக் கற்றல் ஆய்வுத் திட்டம் ஒன்றுக்கு நேர்முகத் தேர்வு அழைப்பு வந்தது. “தற்காலிக வேலைதானே” என்று வீட்டில் அனுப்பவில்லை. எங்களிடமும் யோசனை கேட்டார்கள். விவரம் தெரியாமல் சும்மா இருந்துவிட்டோம். அது எங்கள் தவறு.

திட்டம் முடியும்வரைதான் அந்த வேலை, உண்மைதான். ஆனால் பேராசிரியரிடம் வேலை பழகி, அப்படியே பிஎச்.டி. சேர்பவர்கள் உண்டு. நெட் அல்லது கேட் தேறி, இளநிலை ஆய்வாளராகச் சேர்ந்தால் 2023 முதல் மாதம் 37,000 ரூபாய். நிகழ்தகவு, நேரியல் இயற்கணிதம், பைத்தான் மூன்றும் நன்றாகத் தெரிந்திருக்க வேண்டும். என்பிடெல் பாடங்களில் இலவசமாகவே படிக்கலாம்.

மௌலானா ஆசாத் தேசிய ஆய்வு உதவித்தொகை 2022-23 முதல் புதியவர்களுக்கு இல்லை. அந்த அளவுக்கு நம்மால் கொடுக்க முடியாது. கேட் தேர்வுக் கட்டணமும், நேர்முகத் தேர்வுக்குப் போய்வரும் செலவும், துணைக்கு வரும் அத்தாவின் டிக்கெட் உட்பட, இனி நம் அறக்கட்டளை தரும். அழைப்புக் கடிதத்தோடு அஸருக்குப் பிறகு அலுவலகத்துக்கு வாருங்கள்.