விளையாட்டுத் தொழிலும் வைத்திய இன்ஷ்யூரன்ஸும்

(சங்கத்தின் மாதாந்தரக் கூட்டத்தில் செய்த பிரசங்கம்)



பொருளாதாரம், விளையாட்டு, வைத்தியச் செலவு என்னும் மூன்றும் வெவ்வேறானவை என்று எண்ணுகிறோம். நம் குடும்பங்களைப் பொறுத்தவரை அவை ஒரே விஷயத்தின் மூன்று பக்கங்கள் என்பது என் தாழ்மையான அபிப்பிராயம்.

முற்காலத்தில் சடுகுடு ஆடினவனுக்குக் கிடைத்தது ஊராரின் கைதட்டலே. 2014-ஆம் வருஷத்தில் புரோ கபடி லீக் தோன்றியபின் அது ஜீவனோபாயமாயிற்று. 2022-இல் தமிழ் தலைவாஸ் அணியார் பவன் செஹ்ராவத் என்னும் வீரரை 2 கோடியே 26 லக்ஷம் ரூபாய்க்கு ஏலத்தில் எடுத்தனர். அணியின் முதற் பந்தயத்திலேயே அவருக்கு முழங்காலில் காயம் நேர்ந்து, அப்பருவம் முழுவதும் ஆட இயலாமற்போயிற்று. அவர் தேறி மறுவருஷம் அதனினும் அதிகத் தொகைக்கு ஏலம் போனது சந்தோஷமே. ஆனால், கிராமத்துப் பந்தயங்களில் பரிசுத்தொகைக்கு ஆடும் நம் பிள்ளையின் முழங்கால் முறிந்தால் செலவு யாரைச் சேரும்? தகப்பனாரின் கடன் பத்திரத்தையும் தாயாரின் தாலிச்சங்கிலியையுமன்றோ!

இதனால் பிள்ளைகளை மைதானத்துக்கு அனுப்பவேண்டாம் என்று யான் சொல்லவில்லை. தேகமே முதலாக வைத்துச் செய்யும் தொழிலில், அந்த முதலுக்குப் பாதுகாப்பு வேண்டும் என்பதே என் கருத்து. கடைக்காரர் சரக்குக்கும் வண்டிக்காரர் வண்டிக்கும் இன்ஷ்யூரன்ஸ் செய்கின்றனர். சரீரத்தை மட்டும் விட்டுவிடுவது என்ன நியாயம்?

தேசத்தின் நிலையையும் பாருங்கள். சர்க்கார் கணக்குப்படி, 2013-14-இல் நாட்டின் மொத்தச் சுகாதாரச் செலவில் 100-க்கு 64 பங்கு ஜனங்கள் தம் கையிலிருந்தே நேராகக் கொடுத்தனர். 2021-22-இல் அது ஏறக்குறைய 39 பங்காகக் குறைந்தது. குறைந்தது நன்றே, எனினும் வியாதி வந்தவுடன் நகை அடகுக்குப் போகும் வழக்கம் இன்னும் ஒழியவில்லை.

இன்ஷ்யூரன்ஸ் அந்நியமான தத்துவம் அன்று. கலியாண வீட்டில் நாம் எழுதும் மொய் யாது? பலர் சிறிது சிறிதாகக் கொடுத்து, ஒருவரின் பெருஞ்செலவைத் தாங்குவதே. வியாதிக்கு முன்கூட்டியே எழுதும் மொய்யே பிரீமியம். “வியாதியே வராவிட்டால் கட்டிய பணம் வீண்தானே?” என்பர் சிலர். திருடன் வராததால் கதவுக்குப் போட்ட பூட்டு வீண் என்று எவரும் சொல்வதில்லை.

வருஷ வருமானம் 1,20,000 ரூபாய்க்கு உட்பட்ட குடும்பங்களுக்கு, முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம் வருஷத்துக்கு 5 லக்ஷம் ரூபாய் வரை உதவுகிறது. தகுதியுள்ளவர் அட்டை பெறாதிருப்பது சோம்பலேயாம். மாதச் சம்பளம் 21,000 ரூபாய்க்கு உட்பட்ட தொழிலாளருக்கு, அவர் வேலை செய்யும் ஸ்தாபனம் சட்டத்துக்கு உட்பட்டதாயின், இ.எஸ்.ஐ. உண்டு. இவ்விரண்டுக்கும் இடையில் நிற்கும் சிறு வியாபாரிகளே நம்மில் அநேகர். அவர்களே பாலிசி வாங்கக் கடமைப்பட்டவர்கள். தனிநபர் பாலிசிகளின் பிரீமியத்துக்கு 100-க்கு 18 வீதம் இருந்த வரி 2025 செப்டம்பர் 22 முதல் நீக்கப்பட்டிருக்கிறது.

வாங்குமுன் மூன்று எச்சரிக்கைகள். முன்பே உள்ள வியாதியை மறைக்கலாகாது. மறைத்தால் பிற்பாடு பணம் கேட்கையில் மறுப்பர். அவ்வியாதிக்குக் காத்திருக்கும் காலம் 36 மாதங்கள் வரை இருக்கலாம். ஆதலால் இளமையிலேயே தொடங்குவது நலம். மலையேற்றம், மோட்டார்ப் பந்தயம், குதிரைப் பந்தயம் முதலிய அபாயமான விளையாட்டுகளைத் தொழிலாகக் கொண்டவருக்கு அதனால் நேரும் காயங்களைச் சாதாரணப் பாலிசிகள் விலக்கிவிடுவதுண்டு. மற்ற விளையாட்டுக்காரரும் தம் விளையாட்டின் பெயரைச் சொல்லிக் கேட்டு, பதிலை எழுத்து மூலமாகப் பெறுதல் அவசியம்.

முடிவாக, இச்சபையார் முன் இரண்டு யோசனைகளைப் பணிவுடன் வைக்கிறேன். நம் சங்கத்தின் ஆதரவில் பந்தயத்துக்குச் செல்லும் ஒவ்வொரு பிள்ளைக்கும் விபத்துப் பாலிசி எடுத்த பின்னரே அனுப்பவேண்டும். அதன் பிரீமியத்தைச் சங்க நிதியே செலுத்தவேண்டும். மாதந்தோறும் ஒரு ஞாயிற்றுக்கிழமை, விவரம் அறிந்த நம் வாலிபர் இருவர் சங்கக் கட்டிடத்தில் அமர்ந்து, அட்டை பெறவும் விண்ணப்பம் எழுதவும் முதியோருக்கு உதவவேண்டும். வெற்றிக்கோப்பையுடன் வரும் பிள்ளைக்கு மாலையிடும் நாம், கட்டுப்போட்ட காலுடன் வரும் பிள்ளைக்கும் கைகொடுத்தால்தான் சங்கம் என்னும் பெயர் நமக்குத் தகும்.