சிறைப்பட்ட அரசர்களும் சாட்சி சொல்லும் கற்களும்



‘இடர்ப்பட்ட ஆட்சிகள்’ என்ற பொருளைக் கருத்தரங்குக்கு எடுத்துக்கொண்ட அமைப்பாளர்களைப் பாராட்டுகிறேன். வென்றவர்களைப் பற்றி நிறையவே பேசிவிட்டோம். தோற்றுத் தவித்த அரசர்களைப் பற்றிப் பேச இடம் கிடைப்பது அரிது.

அவர்களைப் பற்றிய சாட்சியை எங்கே தேடுவது? 2015 டிசம்பரில் அடையாறு பெருகி இந்த முடிச்சூர்த் தெருக்களில் படகு போனதை உங்களில் பலர் கண்ணாரக் கண்டவர்கள். வெள்ளம் எவ்வளவு வந்தது என்று கேட்டால், ஒரே வீட்டில் ஒருவர் இடுப்பளவு என்பார், இன்னொருவர் கழுத்தளவு என்பார். சுவரில் படிந்த சேற்றுக் கறை மட்டும் சொன்னதையே சொல்லும். வரலாற்று ஆய்வு என்பது அந்தக் கறையைத் தேடிப் போகிற வேலை.

இரண்டு அரசர்களை உங்கள் முன் நிறுத்துகிறேன். ஒருவன் யூதாவை ஆண்ட எசேக்கியா. அசீரியப் பேரரசுக்குத் திறை கட்ட மறுத்தான். கி.மு. 701இல் அசீரிய மன்னன் சனகெரிப் படையோடு வந்து, அரண் சூழ்ந்த 46 நகரங்களைப் பிடித்ததாகக் களிமண் பட்டகத்தில் பொறித்துவைத்தான். பொன் 30 தாலந்து, வெள்ளி 800 தாலந்து வாங்கியதாகவும் அதில் கணக்கு இருக்கிறது. விவிலியத்தின் இராஜாக்கள் நூலிலும் பொன் 30 தாலந்துதான். வெள்ளி மட்டும் 300. பகைவர்கள் இருவரும் ஒரே எண்ணைச் சொல்லும் இடத்தில் நாம் காலூன்றி நிற்கலாம். யூதாவின் தலைநகர் எருசலேமைப் பிடித்ததாகச் சனகெரிப் எங்குமே எழுதவில்லை. அந்த மௌனமும் சாட்சியே. ஆலயக் கதவுகளின் பொன்தகட்டை உரித்து எதிரிக்குக் கொடுத்தான் தங்கள் அரசன் என்பதை யூதா மக்களின் நூலே மறைக்காமல் சொல்கிறது. அந்த நேர்மையை நான் மிகவும் மதிக்கிறேன்.

இன்னொருவன் நம் சோழ மன்னன் மூன்றாம் இராசராசன். 1216இல் இவன் அரசுரிமை பெற்றதை ஒட்டிய ஆண்டுகளில்தான் மாறவர்மன் சுந்தரபாண்டியன் தஞ்சையையும் உறந்தையையும் எரித்தான். பிறகு நாட்டைத் திருப்பிக் கொடுத்து, ‘சோணாடு வழங்கியருளியவன்’ என்று பெயரும் சூட்டிக்கொண்டான். இராசராசனும் பின்னாளில் திறையை நிறுத்தினான், மீண்டும் தோற்றான். உதவி தேடிப் போன வழியில், வந்தவாசி அருகே தெள்ளாற்றில் காடவன் கோப்பெருஞ்சிங்கனிடம் பிடிபட்டுச் சேந்தமங்கலத்தில் அடைபட்டான்.

இதற்குச் சாட்சி எது? வயலூர்க் கல்வெட்டு சிறைப்பிடித்தவனின் பெருமையைப் பேசுகிறது. கடலூர் அருகே திருவயிந்திபுரத்துக் கல்வெட்டு மீட்டவனின் பெருமையைப் பேசுகிறது. போசள மன்னன் இரண்டாம் நரசிம்மன், சோழனை மீண்டும் நிலைநிறுத்தாமல் காளம் ஊதுவதில்லை என்று சூளுரைத்து, அப்பண்ணன், சமுத்திர கோப்பையன் என்ற தண்டநாயகர்களை அனுப்பினான். 1231இல் சோழன் விடுபட்டான். பிடித்தவனும் மீட்டவனும் ஒன்றுபட்டுச் சொல்வதால் சிறைவாசம் உறுதியாகிறது.

அதே திருவயிந்திபுரத்துக் கல்வெட்டை இன்னொரு முறை படியுங்கள். படை போன வழியில் ஊர்கள் அழிந்தன, பயிர் எரிந்தது, பெண்கள் பிடிபட்டார்கள். இவற்றையெல்லாம் வெற்றிக் கணக்கில் சேர்த்துத்தான் அந்தக் கல் அடுக்குகிறது. அரசன் ஒருவனை மீட்க, அவன் முகத்தையே பார்த்திராத குடிகள் விலை கொடுத்தார்கள். சனகெரிப் பிடித்த யூதாவின் லாகீஸ் நகரத்தின் கதையும் அதுதான். அவனது நினிவே அரண்மனைப் புடைப்புச் சிற்பத்தில், மாட்டுவண்டியில் மூட்டையேற்றிக்கொண்டு பெண்டு பிள்ளைகள் ஊரைவிட்டுப் போகிறார்கள்.

ஆட்சி இடர்ப்பட்டது என்றால் யாருக்கு இடர் என்று கேளுங்கள். இந்த இரண்டு நாளும் ஒவ்வொரு கட்டுரையும் இந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டும் என்று தலைவன் என்ற முறையில் கேட்டுக்கொள்கிறேன். பதில் கிடைக்கும் இடங்கள் உண்டு. முற்றுகைக் காலத்துத் தண்ணீருக்காக எசேக்கியா வெட்டுவித்ததாகக் கருதப்படும் எருசலேமின் சீலோவாம் சுரங்கம் 500 மீட்டருக்கும் நீளமானது. அங்கே 1880இல் கிடைத்த கல்வெட்டின் எஞ்சிய வரிகளில் அரசன் பெயரே இல்லை. இரு முனையிலிருந்தும் பாறையைக் குடைந்து வந்த வேலையாட்கள், ஒருவர் குரலை ஒருவர் கேட்டு நடுவில் சந்தித்த செய்திதான் இருக்கிறது. உழைத்தவர் பேச்சு கல்லில் ஏறிய அரிய தருணம் அது.

நம் கல்வெட்டுகளிலும் அப்படிப்பட்ட குரல்கள் உண்டு. நிலம் விற்றவர், விளக்குக்கு ஆடு விட்டவர், ஏரி தூர்வாரியவர் என எத்தனையோ பேர் கோயில் அதிட்டானத்தில் பெயரோடு நிற்கிறார்கள். திருப்பணி என்ற பெயரில் மணல் வீச்சு நடந்த கோயில்களில் அந்தப் பெயர்கள் உதிர்ந்து போயின. உதிர்ந்த எழுத்தை எந்தப் பேராசிரியராலும் மீட்க முடியாது.

தாம்பரம் வட்டாரத்து இளைஞர்களுக்கு என் வேண்டுகோள் இதுதான். உங்கள் ஊர்ப் பழங்கோயிலைச் சுற்றி ஒருமுறை நடங்கள். எழுத்து தென்பட்டால் படம் எடுத்துத் தொல்லியல் துறைக்குத் தெரிவியுங்கள். அந்தச் சுவரில் மணல் வீசவோ வண்ணம் பூசவோ யார் வந்தாலும் தடுத்துக் கேளுங்கள். கருத்தரங்கைத் தொடங்கிவைக்கிறேன்.