பெயர் பொறிக்கப்படாத பட்டாளத்தான்



நினைவுச் சொற்பொழிவை ஒரு பெயரைச் சொல்லித் தொடங்குவது வழக்கம். இன்று நான் பேச வந்திருப்பதோ, கல்லில் பெயர் பொறிக்கப்படாத ஒருவரைப் பற்றி. முதல் உலகப் போருக்குப் போய்த் திரும்பி வராத சேரிச் சிப்பாயைப் பற்றி.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் ‘போர்க்குடி’ என்ற கோட்பாட்டைச் சொல்லி, ஆங்கிலேய அரசு தலித்துகளுக்குப் பட்டாளத்தின் கதவைப் பெரும்பாலும் சாத்தியது. அப்போதும் பறையர்களைச் சேர்த்துக்கொண்ட படைகளில் ஒன்று, பெங்களூரைத் தலைமையிடமாகக் கொண்ட மெட்ராஸ் சாப்பர்ஸ். பாலம் கட்டுவது, சாலை போடுவது, பதுங்குகுழி வெட்டுவது அதன் வேலை. ஊரில் பண்ணை நிலத்தில் மண்வெட்டி பிடித்தவன் அங்கேயும் மண்வெட்டிதான் பிடித்தான். ஆனால் கையில் சம்பளம் வந்தது, உடம்பில் சட்டை ஏறியது. அந்தப் படை மெசபடோமியாவுக்கும், அதாவது இன்றைய ஈராக்குக்கும் போனது. 1917 பிப்ரவரியில் ஷும்ரானில் டைகிரிஸ் நதியைப் படைகள் கடக்க வழி செய்தவர்களில் மெட்ராஸ் சாப்பர்களும் உண்டு.

அந்த மண்ணில் இறந்து, கல்லறை தெரியாமல் போன 40,000-க்கும் மேற்பட்டோருக்காக 1929இல் பஸ்ராவில் நினைவுச்சின்னம் திறந்தார்கள். வெள்ளைச் சிப்பாய்க்குப் பெயர் பொறித்தார்கள். இந்தியர்களில் அதிகாரிகளுக்குப் பெயர். சாதாரணச் சிப்பாய்க்குப் படைப்பிரிவின் பெயரும் ஓர் எண்ணிக்கையும். பதவியும் இனமும் பார்க்க மாட்டோம் என்று சொன்ன ஆணையம்தான் இப்படிச் செய்தது. இப்படி 45,000 முதல் 54,000 பேர் வரை சமமின்றி நினைவுகூரப்பட்டதை, 2021இல் அந்த ஆணையத்தின் அறிக்கையே ஒப்புக்கொண்டது. பல கிராமங்களில் இருக்கும் முதல் உலகப் போர்க் கல்வெட்டுகளைப் பாருங்கள்: இத்தனை பேர் போனார்கள், இத்தனை பேர் இறந்தார்கள். அங்கேயும் எண்ணிக்கைதான்.

ஊரில் அவனைச் சாதியைச் சொல்லிக் கூப்பிட்டார்கள். கல்லில் அவனை எண்ணிக்கையில் சேர்த்தார்கள்.

பெயருக்கு என்ன வலிமை என்று கேட்கலாம். கோரேகான் தூணைப் பாருங்கள். 1818 ஜனவரி 1 அன்று நடந்த சண்டைக்காகக் கம்பெனிக்காரன் தன் வெற்றியைக் கொண்டாட நட்ட தூண் அது. நமக்காக நட்டதல்ல. ஆனால் அதில் இறந்தவர்களின் பெயர்கள் இருக்கின்றன. அவற்றில் பல ‘நாக்’ என்று முடியும் மகர் பெயர்கள். 1927 ஜனவரி 1 அன்று அண்ணல் அம்பேத்கர் அங்கே போய் நின்றார். அவரே ஒரு சுபேதாரின் மகன். ஆண்டுதோறும் லட்சக்கணக்கான மக்கள் அங்கே கூடுகிறார்கள். பெயர் இருந்ததால்தான் எதிரியின் தூணும் நம் வரலாறானது.

நான் போரைப் புகழவில்லை. அவன் சண்டையிட்டது ஏகாதிபத்தியத்துக்காக. அதை மறைக்கத் தேவையில்லை. பசிக்கும் தீண்டாமைக்கும் தப்ப அவனுக்குத் திறந்திருந்த ஒரு சில வாசல்களில் பட்டாளமும் ஒன்று. அந்த வாசல் வழியாகத்தான் பல குடும்பங்களுக்குள் எழுத்து நுழைந்தது.

மாணவ நண்பர்களுக்கு ஒரு வேலை. உங்கள் சேரியில் ‘பட்டாளத்தான் வீடு’ என்று ஒரு வீடு இருக்கிறதா என்று விசாரியுங்கள். அந்த வீட்டுப் பாட்டியிடம் உட்கார்ந்து கேளுங்கள். பழைய டிரங்குப் பெட்டியில் ஒரு பதக்கமோ பென்ஷன் காகிதமோ இருக்கலாம். அவன் பெயர், அப்பன் பெயர், ஊர், போன இடம் எல்லாவற்றையும் எழுதுங்கள். கல்லில் விட்டுப்போனதை நாம் காகிதத்திலாவது எழுதி வைப்போம்.

ஜெய்பீம்.