கூட்டலா, கழித்தலா?

 

இங்கிலாந்துப் பள்ளிகளில் பயிலும் பிள்ளைகளுள் ஏறத்தாழ ஐவரில் ஒருவர்க்கு வீட்டுமொழி ஆங்கிலம் அன்று. உருது, பஞ்சாபி, வங்காளம், அரபு எனப் பன்மொழி பேசும் அப்பிள்ளைகளிடையே, 1983-ஆம் ஆண்டுக் கொடுமைகளுக்குப்பின் ஈழத்தினின்று புலம்பெயர்ந்த தமிழ்க்குடும்பங்களின் வழித்தோன்றல்களும் உளர். 'ஆங்கிலத்தைக் கூடுதல் மொழியாகப் பயில்வோர்' என்று அந்நாட்டுக் கல்வித்துறை இவர்களைக் குறிக்கின்றது. கூடுதல் என்பது, இருப்பது இருக்க, அதன்மேல் ஒன்று சேர்வதாகும். இருந்ததை அழித்துவிட்டு வேறொன்றை நட்டால், அது கூட்டலா, கழித்தலா?

அந்நாட்டின் பட்டறிவு எண்ணத்தக்கது. 1966-ஆம் ஆண்டுச் சட்டம் குடியேறியோர் கல்விக்குத் தனிப்பணம் ஒதுக்க வழிசெய்தது. 1975-இல் புல்லாக்குக் குழுவின் அறிக்கை, பள்ளி வாயிலிலேயே பிள்ளை தன் வீட்டுமொழியைக் கழற்றி வைத்துவிட வேண்டுவதில்லை என்னும் கருத்தை முன்வைத்தது. ஆயின், 1985-இல் சுவான் குழு, தாய்மொழியைப் பேணும் பொறுப்பை அவ்வம் மக்கள்மீதே சுமத்தியது. அதன்பின் ஒதுக்கீடும் தேய்ந்தது. 2011-இல் அத்தனிப்பணம் பள்ளிகளின் பொதுப்பணத்தோடு கலக்கப்பட்டது. பிள்ளைகளின் ஆங்கிலத் தேர்ச்சியை ஐந்து படிகளாகப் பதியுமாறு 2016-இல் பள்ளிகளைப் பணித்த அரசு, 2018-இல் அதனையும் கைவிட்டது.

அரசு கைநழுவவிட்ட இடத்தில், பள்ளிகளை ஆய்ந்து தகுதிச்சான்று வழங்கும் முறைக்கு மதிப்பு மிகுகின்றது. ஆம்ப்சயர் மாவட்டத்தில் வெண்கலம், வெள்ளி, பொன் என்னும் படிநிலைகளில் இச்சான்று வழங்கப்படுகின்றது. முறை நன்று. ஆனால், சான்று எதனை அளக்கின்றது என்பதே உயிர்வினா.

உரையாடுதற்குரிய ஆங்கிலம் ஏறத்தாழ ஈராண்டில் வந்துவிடும். பாடநூலைக் கற்றுணர்தற்குரிய ஆங்கிலத்திற்கோ ஐந்து முதல் ஏழாண்டு வேண்டும் என்று கனடா நாட்டு அறிஞர் சிம் கம்மின்சு எடுத்துக்காட்டினார். ஒரு மொழியில் பெற்ற அறிவு மறுமொழிக்கு உரமாகும் என்பதும் அவர் முடிபு. கதிரவன் வெப்பத்தால் நீர் ஆவியாவதைத் தமிழில் அறிந்த பிள்ளைக்கு அதன் ஆங்கிலப் பெயர் மட்டுமே புதிது, அறிவு புதிதன்று. தமிழும் முற்றாது ஆங்கிலமும் வேரூன்றாது நிற்கும் பிள்ளைக்கோ, பெயரும் புதிது, பொருளும் புதிது. அப்பிள்ளை வாய்மூடி அமர்ந்திருந்தால், அறிவிலி என்று முத்திரை குத்துவோரும் உண்டு. குற்றம் பிள்ளையினதா? அளவுகோலினதா?

ஆதலின், சான்றளிப்போர் ஒவ்வொரு பள்ளியிலும் மூன்று வினாக்களை எழுப்புதல் வேண்டும். பிள்ளையின் தாய்மொழி இன்னதென்று வகுப்பாசிரியர் அறிவாரா? அம்மொழியில் அப்பிள்ளை அறிந்தவற்றைக் கேட்டறிந்த பின்னரே அறிவுநிலை மதிப்பிடப்படுகின்றதா? 'வீட்டிலும் ஆங்கிலமே பேசுங்கள்' என்னும் தீய அறிவுரை பெற்றோர்க்குச் சொல்லப்படாதிருக்கின்றதா? இம்மூன்றுக்கும் விடையில்லாப் பள்ளி பெறும் பொற்சான்று வெறும் பூச்சே.

இலண்டனில் தமிழ்ப் பெற்றோர் கிழமையிறுதி நாள்களில் தம் உழைப்பாலும் பொருளாலும் தமிழ்ப்பள்ளி நடத்துகின்றனர். ஐந்து நாள் கழித்தலை ஒரு நாள் கூட்டலால் ஈடுசெய்யப் போராடுகின்றனர். தமிழகத்திலோ, வாய்தவறித் தமிழ் பேசிய தமிழ்ப்பிள்ளையிடம் ஒறுப்புப்பணம் பெறும் ஆங்கிலவழிப் பள்ளிகள் இருக்கின்றன. அவற்றின் வாயிலில் பெற்றோர் வரிசையில் நிற்கின்றனர்! அயல்மண்ணில் வேண்டப்படும் உரிமை தாய்மண்ணில் விலைபோகின்றது.

ஆங்கிலம் கற்பதை எவரும் தடுக்கவில்லை. அது கூடுதலாக வரட்டும். தமிழைக் கழித்துவிட்டு வருமாயின், அதற்கு வாயில் அடைபடட்டும்! பிள்ளையைச் சேர்க்குமுன் அம்மூன்று வினாக்களையும் ஒவ்வொரு தாயும் தந்தையும் பள்ளித்தலைவர்முன் வைக்கட்டும். பெற்றோரின் அவ்வினாவே எச்சான்றினும் வலிய சான்று.

வாழ்க தாய்மொழி! வெல்க தமிழ்!