வினா வங்கியைத் தெரிதல்



பட்டம் பெற்றதும் பரீட்சை ஒழிந்ததென்று வைத்திய மாணவராகிய நாம் எண்ணுகிறோம். அமெரிக்காவில் சத்திரசிகிச்சைப் பயிற்சி பெறும் வைத்தியர்கள் ஆண்டுதோறும் சனவரியில் ‘அப்சைட்’ என்னும் தேர்வு எழுதுகின்றனர். ஏறத்தாழ 250 வினாக்கள். ஐந்து மணி நேரம். இதற்கெனப் பயிற்சி வினாக்களைத் தொகுத்து விற்கும் வினா வங்கிகள் பல. எதைத் தெரிவது?

வினாக்களின் தொகையைக் கண்டு மயங்கற்க. அத்தேர்வுக்கு அடிப்படையான ‘ஸ்கோர்’ பாடத்திட்டத்தை அது தழுவியுள்ளதா? இன்றைய சிகிச்சை முறைக்கேற்பத் திருத்தப்படுகிறதா? எல்லாவற்றிலும் மேலாக, சரியான விடையைக் காட்டுவதோடு நில்லாது, ஏனைய விடைகள் ஏன் பிழை என்று விளக்குகிறதா? இம்மூன்றையும் நோக்குக.

2008 இல் கார்ப்பிக், ரோடிகர் என்போர் சொற்களை மனனஞ் செய்வித்து ஆராய்ந்தனர். தம்மைத் தாமே மீண்டும் மீண்டும் சோதித்தவர்கள் ஒரு வாரத்தின் பின் நூற்றுக்கு 80 சொற்களளவில் நினைவுகூர்ந்தனர்; திரும்பத் திரும்பப் படித்தும் சோதனையை நிறுத்தியவர்கள் மூன்றிலொரு பங்களவே கூறினர். ஆதலால் மூன்று வங்கிகளை அரைகுறையாகப் புரட்டுவதிலும், ஒன்றை முற்றச் செய்து, பிழைத்த வினாக்களுக்கு மீண்டும் விடையளித்தலே நன்று.

விடைகளை மட்டும் மனனஞ் செய்தால் புள்ளி கிடைக்கலாம். ஆனால் சத்திரசிகிச்சை மேசையில் கிடக்கும் நோயாளி, நான்கு விடைகளைக் காட்டி ஒன்றைத் தெரியும்படி கேட்பதில்லை. அவருக்காகவே நாம் படிக்கிறோம்.