பஞ்சாயத்து வரை வந்த கண்ணாடி நூல்

(பண்ணை ஒலிபரப்பு உரை)



செல்போனுக்கு மாதாமாதம் காசு போடுறீங்க. அதிலே ஒரு சிறு பங்கு கிராமத்துக்கென்றே போகிறது தெரியுமா? டெலிபோன் கம்பெனிகள் தங்கள் வருமானக் கணக்கில் நூற்றுக்கு ஐந்து ரூபாயை மத்திய அரசின் நிதி ஒன்றுக்குச் செலுத்தவேண்டும் என்ற ஏற்பாடு 2002 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்தது. பட்டணத்தில் டவர் நட்டால் லாபம்; நாலு வீடு உள்ள பட்டியில் நட்டால் நஷ்டம். அந்த நஷ்டத்தை ஈடுகட்டத்தான் இந்த நிதி. 2023-ஆம் ஆண்டுச் சட்டம் இதற்கு டிஜிட்டல் பாரத் நிதி என்று பெயர் மாற்றிவிட்டது. பெயர் எதுவானால் என்ன, பணம் நம்முடையதுதானே!

இந்தப் பணத்தில் நடப்பதுதான் பாரத்நெட். ஊராட்சிதோறும் கண்ணாடி இழை கொண்டுவரும் திட்டம். 2011-இல் ஒப்புதல் ஆனது. நம் மாநிலத்தில் 12,525 ஊராட்சிகளுக்கு என்று திட்டமிட்டு, டான்ஃபிநெட் என்ற அரசு நிறுவனத்திடம் வேலையை ஒப்படைத்தார்கள். கரண்டுக் கம்பங்கள் வழியாகக் கறுப்பு வயர் போவதைப் பார்த்திருப்பீங்க. அதை யாரும் அறுத்துப் பார்க்கவேண்டாம். உள்ளே செம்பு கிடையாது. தலைமுடி கனத்தில் கண்ணாடி நூல்தான். பழைய இரும்புக் கடைக்காரர் கால்காசு தரமாட்டார், ஆனால் ஊரே இணைப்பு இல்லாமல் நிற்கும்.

வயர் வந்துவிட்டால் போதுமா? மேலூர்ப் பக்கத்துக்காரர்களைக் கேளுங்கள். 2001-இல் அங்கே சாரி என்றொரு திட்டம் வந்தது. சென்னை ஐ.ஐ.டி. உருவாக்கிய கார்டெக்ட் என்ற கம்பியில்லாக் கருவியை வைத்து, கிராமம் கிராமமாகக் கம்ப்யூட்டர் நிலையம் திறந்தார்கள். வெண்டைச் செடியில் நோய் விழுந்ததா? படம் எடுத்து ஒத்தக்கடை விவசாயக் கல்லூரிக்கு அனுப்பினார்கள்; வீட்டிலிருந்தபடியே பதில் வந்தது. அரவிந்த் கண் மருத்துவமனைக்குக் கண்ணின் படம் போனது. வருமானச் சான்று, சாதிச் சான்றுக்கு மனு தாலுகா ஆபீசுக்கே போய்ச் சேர்ந்தது. பஸ் காசு மிச்சம், ஒரு நாள் கூலியும் மிச்சம்.

அப்புறம் என்ன ஆச்சு? ஆர்வத்தோடு செய்த அதிகாரிகள் மாறிப் போனார்கள். மனுவுக்குப் பதில் வருவது நின்றது. நிலையம் நடத்திய இளைஞர்களோ கைக்காசு போட்டு, கடன் வாங்கி இறங்கியவர்கள். வருமானம் குறைந்தபின் எத்தனை நாள் தாக்குப்பிடிக்க முடியும்? 2005-க்குள் பல நிலையங்களில் கதவு சாத்தியாகிவிட்டது. கருவி பழுதானதைவிட, மறுமுனையில் ஆள் இல்லாமல் போனதுதான் பெரிய நஷ்டம் என்பேன்.

இன்றைக்குக் கம்பிச் செலவைப் பொது நிதி ஏற்கிறது; அது பெரிய காரியம். ஆனால் வாய்க்காலில் தண்ணீர் வந்தும் மடை திறக்காவிட்டால் வயல் காயத்தானே செய்யும்? உங்கள் ஊராட்சிக் கட்டடத்துக்கு இணைப்பு வந்திருந்தால் ஒருநாள் எட்டிப் பாருங்க. கருவிப் பெட்டியில் விளக்கு எரிகிறதா? சில ஊர்களில் மின்விசிறிக்கு வேண்டும் என்று பெட்டியின் பிளக்கைப் பிடுங்கிவிடுகிறார்கள், போங்க! பேட்டரியும் எத்தனை நேரம்தான் தாங்கும்?

கிராம சபை ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 ஆகிய நாட்களில் கூடுகிறது. அங்கே எழுந்து கேளுங்க: பள்ளிக்கூடத்துக்கு இணைப்பு போயிருக்கிறதா, சுகாதார நிலையத்துக்குப் போயிருக்கிறதா, கூட்டுறவுச் சங்கத்துக்கு எப்போது? பெட்டிக்குப் பொறுப்பு யார்? பழுதானால் யாரிடம் சொல்வது? வாய்வார்த்தையாக விடாமல் தீர்மானப் புத்தகத்தில் ஏற்றச் சொல்லுங்க. பெண்களும் வந்து கேட்கலாம். மகளிர் குழுக் கணக்கெல்லாம் இப்போது கம்ப்யூட்டரில்தானே.

பயிர்ச் சந்தேகத்துக்கு அதுவரை காத்திருக்கவேண்டாம். 1800-180-1551 என்ற இலவச எண்ணில் கிசான் கால் சென்டர் 2004 முதல் இருக்கிறது. தமிழிலேயே கேட்கலாம். நோய் கண்ட இலையைக் கையில் வைத்துக்கொண்டு பேசுங்க. என்ன நிறம், எத்தனை நாள் பயிர் என்று அவர்கள் கேட்பார்கள்.