டைனமோ வெளிச்சமும் செயற்கைத் தரையும்



யாழ்ப்பாணத்துப் பட்டமளிப்பு மேடைகளில் அடிக்கடி ஒரு சைக்கிள் ஓடும். அது பேராசிரியர் அழகையா துரைராசாவின் சைக்கிள். 1988 முதல் 1994 வரை யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் துணைவேந்தராக இருந்த அவர், போரால் குடாநாட்டுக்குப் பெற்றோல் வராத நாட்களில் சைக்கிளிலேயே வேலைக்குப் போனார். பேச்சாளர் இதைச் சொன்னதும் மண்டபம் கைதட்டும். கதையும் அத்தோடு முடிந்துவிடும்.

அந்த இடத்தில் கதையை நிறுத்துவது அவருக்குச் செய்யும் அநியாயம். கம்பர்மலையில் பிறந்து ஹாட்லிக் கல்லூரியில் படித்த பிள்ளை அவர். இலங்கைப் பல்கலைக்கழகத்தில் பொறியியல் முடித்துக் கேம்பிரிட்ஜுக்குப் போனார். அங்கே ரொஸ்கோ, ஸ்கோஃபீல்ட் என்ற இரு ஆய்வாளர்களோடு சேர்ந்து, ஈரக் களிமண் சுமைக்கு எப்போது விட்டுக்கொடுக்கிறது என்று ஆராய்ந்து 1963இல் ஒரு கட்டுரை வெளியிட்டார். மண்பொறியியல் படிப்பவர் உலகின் எந்த மூலையில் இருந்தாலும் ஒருநாள் அந்த ஆய்வின் வழியில் போய் நிற்பார். பெற்றோல் இல்லாத அந்த நாட்களில் யாழ்ப்பாணம் முழுவதுமே சைக்கிள்தான் மிதித்தது. ஆனால் களிமண்ணைப் பற்றி அப்படி எழுதியவர் இவர். அவருடைய அறிவை உருவாக்கியது ஆய்வுகூடம். பெற்றோல் தட்டுப்பாட்டுக்கு அதில் ஒரு பங்கும் இல்லை.

கஷ்டம்தான் மாணவரை உருவாக்குகிறது என்று இந்தப் பகுதியில் நெடுங்காலமாக ஒரு பேச்சு இருக்கிறது. அதைக் கொஞ்சம் தட்டிப்பார்க்கத்தான் இந்த உரை.

1990இல் தேசிய மின்சாரம் குடாநாட்டை விட்டுப் போனது. மண்ணெண்ணெய் கிடைப்பதே அரிதாகிவிட்டதால், வீடுகளில் ஜாம் போத்தலுக்குள் திரி வைத்த விளக்கு வந்தது. சொட்டுச் சொட்டாக எரியும், ஒரு கொப்பியின் அளவுக்கு வெளிச்சம் தரும். செய்தி கேட்கச் சைக்கிளைத் தலைகீழாகக் கவிழ்த்து, பெடலைக் கையால் சுற்றி, டைனமோவில் பிறக்கும் மின்சாரத்தை வானொலிக்குக் கொடுத்தார்கள். ஒருவர் சுற்றுவார், நாலு பேர் கேட்பார்கள். சுற்றுகிறவருக்குக் கை உளைந்தால் செய்தி வாசிப்பவரின் குரல் தேய்ந்து போகும். அந்தக் கெட்டித்தனத்தை யாரும் குறைத்துப் பேச முடியாது. இதே காலத்தில்தான், 1991இல், யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் கணினி விஞ்ஞானத் துறை தொடங்கியது. மின்சாரம் போன மறு ஆண்டு ஓர் ஊர் கணினித் துறை திறப்பதை வெளியில் இருந்து பார்ப்பவர் பைத்தியக்காரத்தனம் என்பார். திறந்தவர்கள் பின்னால் வரப்போகும் இருபது ஆண்டுகளைப் பார்த்துத் திறந்தார்கள்.

ஆனால் டைனமோ சுற்றிய அந்தக் கைகள் வேறு எதைச் செய்திருக்கும் என்ற கேள்வி மேடைகளில் எழுவதில்லை. மின்சாரமும் பாகங்களும் கிடைத்திருந்தால், வானொலியைக் கேட்டுக்கொண்டிருந்த நாலு பேரில் ஒருவராவது வானொலியே செய்திருக்கக்கூடும்.

இதற்கு நேர்மாறான ஒரு கதை கனடாவில் நடந்தது. ரொறன்ரோவிலிருந்து மேற்கே ஒன்றரை மணி நேரத்தில் வோட்டர்லூ. நம் ஊர்களிலிருந்து போன குடும்பங்களின் பிள்ளைகள் இன்று அந்தப் பல்கலைக்கழகத்தில் நிறையப் படிக்கிறார்கள். 1965இல் அங்கே ஒரு சிக்கல் இருந்தது. அக்காலக் கணினிகளுக்கு ஃபோர்ட்ரான் மொழியில் நிரல் எழுதி, அட்டைகளில் துளையிட்டுக் கொடுக்க வேண்டும். மாணவர் நிரல் சிறியது, பிழைகள் நிறைந்தது. கணினியோ பெரிய நிறுவனங்களின் நீண்ட வேலைகளுக்காகச் செய்யப்பட்டது. ஓர் எழுத்துப் பிழைக்காகப் பொழுது முழுவதும் போய்விடும், பிழை எங்கே என்றும் சரியாகத் தெரியாது. அந்தக் கோடை விடுமுறையில் இளங்கலை மாணவர்கள் நால்வர், ஆசிரியர் வெஸ் கிரஹாமின் ஊக்கத்தில், மாணவர் நிரல்களுக்கென்றே ஒரு வேகமான கம்பைலரை ஐபிஎம் 7040 இயந்திரத்துக்காக எழுதினார்கள். வாட்ஃபோர் என்று பெயர். பிழை எங்கே, என்ன பிழை என்று படிப்பவருக்குப் புரியும்படி அது சொன்னது. பிறகு பல நாட்டுப் பல்கலைக்கழகங்கள் அதை வாங்கிப் பயன்படுத்தின.

அந்த நால்வரும் நம் பிள்ளைகளைவிடக் கெட்டிக்காரர்கள் என்று நம்ப ஒரு காரணமும் இல்லை. அவர்களுக்குக் கணினி கிடைத்தது, விடுமுறை கிடைத்தது, செய்து பார் என்று சொல்ல ஓர் ஆசிரியர் கிடைத்தார்.

வோட்டர்லூவுக்கு இன்னொரு பழக்கமும் உண்டு. 1957இல் வகுப்புத் தொடங்கியபோதே சில மாதம் படிப்பு, சில மாதம் வேலை என்று மாற்றி மாற்றி வைத்துவிட்டார்கள். ஒரு மாணவி பட்டம் பெறுவதற்குள் ஐந்தாறு வேலைத்தலங்களைப் பார்த்திருப்பாள். அத்தனை முறை பெட்டி கட்டி, அறை தேடி, புது ஊரில் பஸ் பிடித்திருப்பாள். ஆரம்பத்தில் இதென்ன பல்கலைக்கழகமா, பட்டறையா என்று கேட்டவர்கள் இருந்தார்கள். இன்று உலகமே அந்த முறையைப் பார்த்து எழுதுகிறது.

வேலைக்காகப் பெட்டி கட்டுவது யாழ்ப்பாண நகரை ஒட்டிய இந்தக் கொழும்புத்துறைக்குப் புதிதல்ல. இறங்குதுறையில் நின்றால் கடல்நீரேரிக்கு அப்பால் பூநகரிப் பக்கம். குடாநாட்டுக்கும் வன்னிக்கும் இடையே ஆட்கள் கடந்த பழைய நீர்வழிகளில் இதுவும் ஒன்று. ஊரின் பெயரை உலகம் அறியச் செய்த யோகர் சுவாமிகளும் முதலில் ஒரு வேலைக்காரர்தான். 1872இல் பிறந்த அவர், கிளிநொச்சியில் இரணைமடு நீர்ப்பாசனப் பணியில் களஞ்சியப் பொறுப்பாளராக ஆண்டுக்கணக்கில் இருந்தார். சாமான் கணக்கு எழுதினார், சம்பளம் வாங்கினார், பிறகுதான் எல்லாவற்றையும் விட்டு இந்த ஊர் இலுப்பை மரத்தடிக்கு வந்து சேர்ந்தார். இன்று கொழும்புத்துறைப் பிள்ளை ஒருத்தி பொறியியலோ விவசாயமோ படிக்க வேண்டுமானால் அதே இரணைமடுப் பக்கம்தான் போக வேண்டும். 1990இல் தொடங்கிப் போரால் இடம்பெயர்ந்து திரும்பிய விவசாய பீடமும், 2013இல் வந்த பொறியியல் பீடமும் கிளிநொச்சி அறிவியல்நகரில் இருக்கின்றன. சுவாமிகள் வந்த வழியில் இவள் எதிர்த்திசையில் போகிறாள். ஏ9 வீதியில் எழுபது கிலோமீற்றரளவு. வாரக்கடைசியில் வீட்டுக்கு வந்து, திங்கள் விடியப் புட்டுப் பெட்டியோடு பஸ் ஏறுவாள். சங்குப்பிட்டிப் பாலம் 2011இல் திறந்தபின் பூநகரி வழியும் இருக்கிறது.

அதற்குப் பிறகு தொழிற்பயிற்சி. பொறியியல் மாணவர்களைத் தேசிய பயிலுநர் மற்றும் கைத்தொழிற் பயிற்சி அதிகார சபை வழியாக நிறுவனங்களுக்கு அனுப்புவார்கள். பெரும்பாலும் தெற்கேதான் போக வேண்டிவரும். இரவு பஸ், வெள்ளவத்தையில் மூன்று பேருக்கு ஓர் அறை, சிங்களத்தில் பேசும் மேற்பார்வையாளர், முதல் வாரம் முழுக்கத் தலையாட்டல். பயிற்சிப் புத்தகத்தில் என்ன எழுதுவதென்று தெரியாமல் முழிப்பவள், மூன்றாம் வாரம் தளத்தில் கொங்கிறீற் வரும் லொறியை மறித்து, கலவை சரியில்லை, திருப்பி அனுப்புங்கள் என்று சொல்லக் கற்றிருப்பாள். விரிவுரை மண்டபம் இதைக் கற்றுத்தராது.

அந்தப் பயணத்தைக்கூட முந்திய தலைமுறைக்குச் சும்மா கொடுக்கவில்லை. 1956இல் ஓடத் தொடங்கிய யாழ்தேவி 1990இல் யாழ்ப்பாணம் வருவதை நிறுத்தி, 2014 ஒக்டோபரில்தான் திரும்பி வந்தது. இடையில் ஓர் இளம் தலைமுறை முழுவதும் ரயிலைப் படத்தில் பார்த்து வளர்ந்தது. 2006இல் ஏ9 மூடியபின் தெற்கில் படித்த யாழ்ப்பாண மாணவர்கள் அனுமதிப் பத்திரத்துக்கு வரிசையில் நின்று, கப்பலில் திருகோணமலை போய், அங்கிருந்து பஸ் பிடித்தார்கள். இதைக் கேட்டுவிட்டு இப்போதைய மாணவரைப் பார்த்து, உங்களுக்கு என்ன குறை என்று கேட்பவர்கள் உண்டு. குறை இருக்கிறது. 2020இல் நோய்த்தொற்றுக் காலத்தில் விரிவுரைகள் சூமுக்குப் போனபோது, லேர்ன் என்ற பல்கலைக்கழக வலையமைப்பு வழியாக வகுப்புக்கு இணையக் கட்டணம் இல்லாமல் செய்தார்கள். நல்ல ஏற்பாடு. ஆனால் சிக்னல் கிடைக்காத வீட்டுக்குக் கட்டணம் இல்லாத இணையமும் கிடைக்காது; பிள்ளைகள் கூரைக்கும் மரத்தடிக்கும் போனார்கள். 2022 மார்ச் இறுதியில் நாடு முழுவதும் ஒரு நாளுக்கு 13 மணி நேர மின்வெட்டு. பெற்றோல் வரிசை வீதி வளைவைத் தாண்டியது, யாழ்ப்பாணத்தில் சைக்கிள் விலை ஏறியது. உடனே பழைய சைக்கிள் கதையும் மேடைக்குத் திரும்பியது.

கஷ்டம் எதைக் கற்றுத்தரும், எதைத் தராது என்பதை ஒரு விளையாட்டில் பார்க்கலாம். இங்கேதான் ஹொக்கி வருகிறது.

யாழ்ப்பாணத்துப் பள்ளிக்கூடங்களில் கிரிக்கெட்டுக்கும் உதைபந்தாட்டத்துக்கும் பின்னால் நிற்கும் விளையாட்டு அது. பல்கலைக்கழகத்தில் அதை எடுப்பவர்களில் பலர் முதன்முறையாக அங்கேதான் மட்டையைத் தொடுவார்கள். பயிற்சி மாலையில், மண்ணிலும் புல்லிலும். பந்து கல்லில் பட்டுத் துள்ளும், அதைக் கணித்து மட்டையை வளைக்க வேண்டும். பிறகு கொழும்பிலோ மாத்தளையிலோ செயற்கைத் தரையில் இறங்கும்போது பந்து துள்ளவே துள்ளாது. வழுக்கிக்கொண்டு, நினைத்ததைவிட இரண்டு மடங்கு வேகத்தில் போய்விடும். பந்தை நிறுத்தத் தெரிந்தவர் அங்கே தடுமாறுவார், ஓடத் தெரிந்தவர் வெல்வார்.

இந்தியாவுக்கே இது நடந்தது. 1928 முதல் ஒலிம்பிக் ஹொக்கியில் பதக்கமில்லாமல் திரும்பாத அணி, 1976இல் மொன்றியலில் முதன்முறையாகச் செயற்கைத் தரையில் ஆடி ஏழாம் இடத்துக்குப் போனது. புல்லில் பந்தை மட்டையோடு ஒட்டிவைத்து ஆட்களைக் கடக்கும் கலை, தரை மாறியதும் பாதி விலை போனது. அந்த அணியில் சென்னை லயோலாக் கல்லூரியில் படித்த வாசுதேவன் பாஸ்கரன் இருந்தார். நான்கு ஆண்டுகள் கழித்து மொஸ்கோவில் அவரே அணித்தலைவர். இறுதியாட்டத்தில் ஸ்பெயினை 4க்கு 3 என்று வென்று தங்கம் வாங்கினார்கள். பல நாடுகள் புறக்கணித்த ஒலிம்பிக் என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். அதற்குப் பின் இந்தியா ஒலிம்பிக் ஹொக்கியில் தங்கம் வெல்லவில்லை.

புனேக்கு அருகே கட்கியில் தமிழ்க் குடும்பத்தில் பிறந்த தன்ராஜ் பிள்ளை உடைந்த மட்டைகளைக் கொண்டு ஆட்டம் பழகினார். நான்கு ஒலிம்பிக் ஆடினார். அந்த உடைந்த மட்டைகளையும் மேடைகள் விடுவதில்லை. உடைந்த மட்டையோடு தொடங்கி ஆட்டத்தை விட்டுப்போன ஆயிரம் பிள்ளைகளை யார் எண்ணினார்கள்? கோவில்பட்டிக்காரர்கள் வேறு விதமாக யோசித்தார்கள். தூத்துக்குடி மாவட்டத்துத் தீப்பெட்டி ஊர் அது. தெருவுக்குத் தெரு ஹொக்கி அணி இருந்த இடம். அங்கே தமிழ்நாடு விளையாட்டு மேம்பாட்டு ஆணையத்தின் விடுதியும் பயிற்சியும் வந்தன, செயற்கைத் தரையும் போடப்பட்டது. 2022இல் ஜகார்த்தாவில் ஆசியக் கிண்ண வெண்கலம் வென்ற இந்திய அணியில் கோவில்பட்டி மாரீஸ்வரன் சக்திவேலும், அதே விடுதியில் பயின்ற அரியலூர்க் கார்த்தியும் இருந்தார்கள். தெருவின் ஆர்வம் பல தலைமுறையாக இருந்ததுதான். தரையும் விடுதியும் சேர்ந்த பிறகு இந்திய அணியின் பெயர்ப் பட்டியலில் அந்த ஊர் ஏறியது.

அப்படியானால் குடாநாட்டிலும் ஒரு நல்ல செயற்கைத் தரை போட்டால் என்ன? இன்று பட்டம் பெறுபவர்களில் சிலர் ஐந்து ஆண்டுகளில் மாகாண சபை அலுவலகத்திலோ நகரசபையிலோ இருப்பார்கள். இந்தக் கோப்பு அவர்கள் மேசைக்கு வரும். அங்கே பணத்துக்கு முன்பே தண்ணீர் தடுக்கும். சர்வதேசத் தரத்துச் செயற்கைத் தரையில் ஆட்டத்துக்கு முன் நீர் தெளிக்க வேண்டும். ஈரம் இல்லாவிட்டால் பந்து திக்கும், விழுகிற பிள்ளைக்குத் தோல் உரியும். குடாநாட்டில் ஆண்டு முழுவதும் ஓடும் ஆறு இல்லை. வழுக்கியாறு மழைக்காலத்தோடு சரி. மற்றதெல்லாம் சுண்ணாம்புக்கல்லுக்குள் தங்கும் கிணற்று நீர். அளவுக்கு மீறி இறைத்தால் உப்பு ஏறும். இரணைமடு நீரை யாழ்ப்பாணத்துக்குக் கொண்டுவரும் யோசனைக்குக் கிளிநொச்சி விவசாயிகள் எதிர்ப்புத் தெரிவித்தார்கள். அவர்களின் வயலைப் பார்த்தால் அதிலும் நியாயம் இருக்கிறது. கடைசியில் கடல்நீரைக் குடிநீராக்கும் நிலையம் தாளையடியில் 2024இல் திறக்கப்பட்டது. நாளொன்றுக்கு 24,000 கனமீற்றர் அதன் கொள்ளளவு. அது குடிப்பதற்கு, பந்து உருட்ட அல்ல.

சர்வதேச ஹொக்கிச் சம்மேளனத்துக்கும் இதே தலையிடி. நீர் தேவைப்படாத தரையை உருவாக்குவதை அது இலக்காக வைத்திருக்கிறது. 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் முந்தியதைவிடக் குறைந்த நீரில் ஆடும் தரையைப் போட்டார்கள். ஆகவே தரையின் இழையைப் பற்றிக் கேட்கப் பௌதிகவியலும், தெளித்த நீரைப் பிடித்து வடித்துத் திருப்பக் குடிசார் பொறியியலும், மிஞ்சியதைத் தோட்டத்துக்கு விடலாமா என்று சொல்ல விவசாயமும், ஈரத்தை அளந்து குழாயைத் திறந்து மூடக் கணினித் துறையும் வேண்டும். நாலு துறையாரும் இன்று ஒரே பந்தலுக்குக் கீழேதான் இருக்கிறார்கள்.

ஆரம்பக் கணக்கை இந்த உரையே போட்டுத் தருகிறது. ஹொக்கி மைதானம் 91.4 மீற்றர் நீளம், 55 மீற்றர் அகலம். சுமார் 5,027 சதுர மீற்றர். ஒரு மில்லிமீற்றர் நீர் தெளிக்க ஐயாயிரம் லீற்றருக்குச் சற்று மேல், ஒரு சிறிய பவுசர். மூன்று மில்லிமீற்றர் தெளித்தால் பதினையாயிரம் லீற்றர். ஓரங்களையும், கொழும்புத்துறை வெயிலில் நடு ஆட்டத்துக்குள் ஆவியாகும் நீரையும் இன்னும் சேர்க்கவில்லை. மிச்சத்தைப் போட்டுப் பார்க்க இன்றைய அழைப்பிதழின் பின்பக்கம் வெறுமையாகத்தான் இருக்கிறது.